கான்கிரீட்டுக்குள் ஒரு செவி

இத்தாலியின் ஜெனோவா நகரில் 2018 ஆகஸ்ட் 14 அன்று, கொட்டும் மழையில் மொராண்டி பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து 43 பேர் உயிரிழந்தனர். 1967-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தைச் சாய்வாகத் தாங்கி நின்ற எஃகு வடங்கள் கான்கிரீட் உறைக்குள் புதைக்கப்பட்டிருந்தன. எஃகைத் துருவிலிருந்து காக்கும் என்று நம்பப்பட்ட அந்த உறையே, உள்ளே நிகழ்ந்த அரிப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. கடற்காற்றால் அரிப்பு நேரிடுவதைப் பாலத்தை வடிவமைத்த ரிக்கார்டோ மொராண்டியே 1979-இல் சுட்டிக்காட்டி எச்சரித்திருந்தார்.

கான்கிரீட்டின் நோய் பெரும்பாலும் உள்ளிருந்துதான் தொடங்குகிறது. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பிக்கு ஒரு காப்பு. காற்றிலுள்ள கரியமில வாயுவோ கடலோர உப்போ மெல்ல ஊடுருவும்போது அக்காப்பு குலைகிறது. துருவாகும் இரும்பு, தான் இருந்த இடத்தைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கிறது. கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. மேற்பூச்சில் விரிசல் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஆய்வுக்கு வரும் பொறியாளரின் கண்ணும் கைச்சுத்தியும் அதற்குமுன் எட்டுவது அரிது.

உள்ளே நடப்பதை உள்ளிருந்தே அறிவதற்கு ஒரு வழி, 'பீசோ மின்' விளைவு. 1880-இல் பியர் கியூரியும் அவருடைய தமையன் ழாக் கியூரியும் கண்டறிந்தது இது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றும். மாறாக, மின்னழுத்தம் கொடுத்தால் அவை நுண்ணளவில் நீண்டு சுருங்கும். எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரில் 'டிக்' என்ற ஓசையோடு தெறிக்கும் பொறி இந்த விளைவால் பிறப்பதே. ஆக, ஒரே பொருள் செவியாகவும் இருக்கலாம், வாயாகவும் இருக்கலாம்.

இதற்குப் பரவலாகப் பயன்படுவது காரீயம், ஜிர்கோனியம், டைட்டானியம் கலந்த 'பிஇசட்டி' என்னும் பீங்கான் வகை. ஆனால், அதை அப்படியே கான்கிரீட்டில் புதைத்தால் இரண்டும் ஒட்டி உறவாடுவதில்லை. அலைகளின் பயணத்துக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு, அந்தப் பீங்கானில் கான்கிரீட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே, வரும் அலையின் ஆற்றலில் கால் பங்குக்கும் மேல் எல்லையிலேயே திரும்பிவிடுகிறது. சூழ்ந்துள்ள கான்கிரீட் காய்ந்து சுருங்கும்போது இரண்டும் ஒன்றுபோல் இசைந்து கொடுப்பதும் இல்லை.

இந்தப் பிணக்கைத் தீர்க்கத்தான் பீங்கானைத் தூளாக்கிச் சிமென்ட்டோடே கலந்தனர். ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்று. கலவையில் ஏறக்குறையப் பாதியளவு பீங்கான் தூளைச் சேர்த்தால் அலை எதிர்ப்பு கான்கிரீட்டுக்கு நெருக்கமாகிறது. கட்டடத்துக்குள் வைத்த உணரி, அந்நியக் கல்லாக இல்லாமல் கட்டடத்தின் சதையாகவே ஆகிவிடுகிறது.

அது இரு விதமாகப் பணிபுரியும். நுண்விரிசல் திறக்கும்போது எழும், மனிதச் செவிக்கு எட்டாத அதிர்வைக் கேட்டு, பல உணரிகளை அது வந்தடைந்த நேர வேறுபாட்டைக் கொண்டு விரிசலின் இடத்தைக் குறிக்கலாம். அல்லது, ஓர் உணரி அலையை அனுப்ப, மற்றொன்று பெற்றுக்கொள்ளலாம். இடையில் பிளவிருந்தால் அலை நலிந்தோ தாமதித்தோ வரும். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் அதே அறிவுதான் இது.

குறைகளும் உண்டு. தேங்கும் மின்னேற்றம் கசிந்துவிடுவதால், மாறாமல் அழுத்தும் பாரத்தை அளக்க இவ்வுணரிகள் உகந்தவையல்ல. அதிர்வையும் மாற்றத்தையும் அறியவே ஏற்றவை. தொடக்கத்தில் உயர் மின்புலத்தில் வைத்துப் பீங்கான் துகள்களின் மின்திசையை ஒழுங்குபடுத்த வேண்டும். சிமென்ட்டின் ஈரம் அதற்கும் இடைஞ்சல், பிந்தைய அளவீட்டுக்கும் இடைஞ்சல். எனவே, எபாக்சி போன்ற பூச்சு தேவைப்படுகிறது. பாலத்தின் ஆயுளோ பல பத்தாண்டுகள். அத்தனை காலம் உணரி நலமாக இருக்கும் என்பதை ஆய்வகம் மட்டும் மெய்ப்பித்துவிட முடியாது. சந்தையில் உடனே வாங்கிப் பொருத்தும் மந்திரக்கோலாக இதை விற்க முனைவோரை நம்ப வேண்டியதில்லை.

ஆனால், உணரிகள் வேண்டுமா என்ற கேள்வி கடந்துவிட்டது. இடிந்த பாலத்துக்கு மாற்றாக ஜெனோவாவில் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பாலத்தில், வேறு வகை உணரிகளும் கண்காணிப்பு ரோபோக்களும் இடம்பெற்றுள்ளன. நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம், வரையறுக்கப்பட்ட ஒவ்வோர் அணையிலும் குறைந்தபட்ச அளவீட்டுக் கருவிகள் இருக்க வேண்டும் என்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடக்கும் பெரும் பாலங்களுக்கு அத்தகைய கட்டாயம் ஏன் கூடாது?

இதில் காலம் முக்கியம். உணரி தரும் எண் தனியே நின்று எதையும் சொல்லாது. பாலம் நலமாக இருந்தபோது எடுத்த முதல் அளவோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள். அந்த முதல் அளவைக் கான்கிரீட் வார்க்கும் கட்டத்திலேயே எடுத்தாக வேண்டும்; பின்னாளில் எவ்வளவு செலவிட்டாலும் அது கிடைக்காது. ஆகவே, ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே உணரிகளுக்கும், அவற்றின் பதிவுகளைத் தொடர்ந்து படிக்கும் பொறியாளருக்கும் நிதி ஒதுக்கி, அப்பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் அரசு விதி வகுக்க வேண்டும்.