உஷார்! முட்டம் பாறையில் ஏறப்போகிறீர்களா?

பள்ளிக்கூட லீவு விட்டாச்சு. ஆனையூரிலிருந்து வேன் பிடித்துக் கன்னியாகுமரி கிளம்புகிறீர்களா? சந்தோஷமாகப் போய் வாருங்கள். ஆனால் அந்தப் பக்கம் முட்டம் கடற்கரையில் இறங்கினால் பிள்ளைகளைப் பாறை நுனிக்கு மட்டும் விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்!

எங்கள் தெருப் பையன் ஒருவன். கண்மாயில் மீன்குஞ்சு மாதிரி நீந்துவான். 'அலைகள் ஓய்வதில்லை' படம் எடுத்த இடமாச்சே என்று பாறை ஓரத்தில் செல்ஃபிக்கு நின்றிருக்கிறான். காற்றே இல்லை. கடலும் சாதுவாகத்தான் கிடந்ததாம். ஒரே அலை! அவனைப் பாறை இடுக்கில் கொண்டுபோய் அறைந்துவிட்டது. மீனவர்கள் கயிறு போட்டு இழுத்ததால் உயிர் தப்பியது. முழங்கால் இன்னும் சரியாக மடங்கவில்லை.

அந்த இடத்தின் அமைப்பே அப்படி. கடலுக்குள் மூக்கு நீட்டிய கெட்டிப் பாறை முனை அது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறையும். அதனால் அலை வளைந்து, இரண்டு பக்கமிருந்தும் முனையைச் சுற்றித் திரும்பும். பக்கத்து மணல்கரையில் பரவிப் போகிற பலம் இங்கே ஓரிடத்தில் குவிந்து மோதும். பார்க்க அழகுதான், யார் இல்லையென்றார்கள்?

இன்னொன்று, கள்ளக்கடல். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலை, சில நாள் கழித்துச் சத்தமில்லாமல் நம் கரைக்கு வரும். இங்கே வெயில் காயும், மேகம்கூட இருக்காது. 2024 மே 6 அன்று, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரம் அது.

பாறை கறுத்து ஈரமாக இருக்கிறதா? அலை அங்கே ஏறுகிறது என்று அர்த்தம். பச்சைப் பாசி தெரிந்தால் செருப்பும் நிற்காது, வெறுங்காலும் நிற்காது. பத்து நிமிஷம் சின்ன அலைதானே வந்தது என்று நம்பவே நம்பாதீர்கள். பெரியவை கூட்டமாகப் பின்னால் வரும். தண்ணீர் திடீரென உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடுங்கள். மேலே செம்மண் மேட்டு விளிம்பில் வெடிப்பு தெரிந்தாலும் விலகுங்கள். கிளம்புமுன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பாருங்கள்.

யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள்! மீனவர்களைக் கூப்பிடுங்கள், கடலோரக் காவல் 1093. வேனில் கிடக்கும் காலித் தண்ணீர் கேனை இறுக மூடி எறியுங்கள். மிதக்கும், பிடித்துக்கொள்வார்கள்.