மடக்கி உழும் பயிர்

தென்காசிக்கு வடமேற்கே, அனுமன் நதியின் பாசனத்தில் நெல் விளையும் வடகரைப் பிரதேசத்தில், பிசானப் பருவ அறுவடை முடிந்து, சாரலோடு வரும் கார்ப் பருவ நடவுக்காக வயல் காத்திருக்கும் இடைக்காலத்தைத் தரிசாகக் கழித்துவிடாமல், கோடை மழையின் ஈரம் கிடைத்தவுடன் தக்கைப்பூண்டோ சணப்பையோ கொழிஞ்சியோ பசுந்தாள் பயிராக விதைக்கும் விவசாயி, நெல் கொண்டுபோன சாரத்தை அந்நாட்களிலேயே பூமிக்குத் திருப்பிச் சேர்க்கிறான்.

நாம் சுவாசிக்கும் வாயுவில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனாகவே இருந்தும், அதை நேரே கவர்ந்துகொள்ளும் சக்தி நெல்லுக்கு இல்லை. தக்கைப்பூண்டு முதலியவை சேர்ந்த பயறு, அவரை இனத்துச் செடிகளுக்கும் தனித்து அச்சக்தி இல்லையென்பதும், அவற்றின் வேர்முடிச்சுகளில் வாசஞ்செய்யும் நுண்ணுயிர்களே அக்காரியத்தைச் செய்கின்றன என்பதும், 1886-இல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிகள் வெளியிட்ட பரிசோதனைகளாலும், 1888-இல் ஹாலந்து தேசத்துப் பெய்யரிங்க் அவ்வுயிரை முடிச்சிலிருந்து பிரித்தெடுத்ததாலும் ஐயமறத் தெளிவாயின. செடி சர்க்கரையைக் கொடுத்து அவற்றைப் போஷிக்கிறது. அவை நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கிக் கொடுத்துச் செடியைப் போஷிக்கின்றன. யூரியாவுக்கு மூலமான அம்மோனியாவை ஆலைகள் கொடிய வெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உண்டாக்க, இம்முடிச்சு அதையே மண்ணின் இயல்பான சூட்டில் சத்தமின்றிச் செய்துவிடுவதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு ஆச்சரியம் தீருவதில்லை. முடிச்சைக் கிள்ளிப் பார்க்கையில் உட்புறம் இளஞ்சிவப்பாயிருந்தால் வேலை செவ்வனே நடக்கிறதென்று அறியலாம். நம் இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் பொருளுக்கு உறவான ஒன்றே அந்நிறத்துக்கும் காரணம்.

ஆயினும், பயறு விதைத்த மாத்திரத்தில் நிலம் வளம் பெற்றுவிடும் என்று எண்ணுவது முழு உண்மையன்று. உளுந்தையோ பாசிப்பயற்றையோ முற்றவிட்டு, நெற்றைப் பறித்துக்கொண்டு, கொடியையும் மாட்டுக்குப் போட்டுவிட்டால், சேர்ந்த சத்தில் பெரும்பகுதி வயலை விட்டே போய்விடும். ஆகையினாலேதான் பசுந்தாள் பயிரை விதைத்தவன், ஏறக்குறைய 45 நாளில், அது பூவெடுக்கும் சமயத்தில், தண்டு நாரேறுவதற்கு முன்னரே தண்ணீர் கட்டி மடக்கி உழுதுவிடுகிறான். மணியாக ஒன்றும் கைக்கு வராத பயிருக்கு விதையும் நீரும் உழவும் செலவிடுவது சிறு விவசாயிக்கு எளிதன்று. ஆனால் மக்கும் தழை மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும் உபகாரத்தை, யூரியா மூட்டை ஒருநாளும் செய்யாது.

பசுந்தாள் பயிர்களுள் நீர் தேங்கும் நிலத்துக்கும் உவர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டு ஏற்றது. கையில் பணமில்லாதவனுக்குக் கொழிஞ்சியை நான் சொல்வேன். வறட்சியைத் தாங்கும் அச்செடியை ஆடுமாடுகள் விரும்பி மேய்வதில்லை; கடினத் தோலுள்ள அதன் விதையை மணலோடு சேர்த்து இலேசாக இடித்து விதைத்து, முதல் வருஷம் ஓரளவு செடிகளை நெற்று முற்றி உதிரும்வரை விட்டுவைத்தால், அடுத்த கோடைகளில் விதை வாங்காமலே அது தானாக முளைத்து வரும்.