சிக்கனக் குடும்பமும் சிறுவர் கலைப்பயிற்சியும்

வரவுக்குள் செலவை அடக்கும் வித்தையை நமது அங்கத்தினர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், ஓவியம், இசை, விளையாட்டு முதலியன செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியவை என்று ஒதுக்குவோரையும், கடன் வாங்கிப் பிள்ளையை வகுப்பிற் சேர்த்துச் சில மாதங்களில் நிறுத்திவிடுவோரையும் நாம் காண்கிறோம். இரு வழியிலும் நட்டம் பிள்ளைக்கே. முன்னதில் அதன் திறமை வெளிப்படுவதில்லை. பின்னதில் பாதியில் விட்ட ஏக்கம் மனத்தில் தங்கிவிடுகிறது. கடனோ வீட்டில் தங்கிவிடுகிறது.

இதற்கு மாற்றுவழி கூட்டுறவு வரலாற்றிலேயே உள்ளது. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பண்டகசாலை தொடங்கிய முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். செல்வரல்லாத அவர்கள், சில ஆண்டுகளில் தமது உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, நூலகமும் படிப்பகமும் நடத்தினர். தனியொருவர் வாங்க இயலாத நூல் இதனால் எல்லோர் கைக்கும் எட்டிற்று.

லாஸ்பேட்டை அங்கத்தினர்களுக்குப் பொதுவில் அமைந்த வசதிகள் பல உண்டு. அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இப்பகுதியிலேயே உள்ளன. நகரத்தினுள் 1827-இல் தோன்றிய ரோமன் ரோலண்டு நூலகமும், பிரெஞ்சுக்காரர் 1826-இல் நிறுவிய தாவரவியல் பூங்காவும் இருக்கின்றன. சிறுவர்க்குக் கலைகளைப் பயிற்றும் ஜவகர் பால பவனும் புதுவையில் உண்டு. சேர்க்கை, நேரம், கட்டணம் ஆகியவற்றை நேரில் விசாரித்தறிந்து, மாதம் ஓரிடமேனும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் நன்று.

வீட்டிலும் பயிற்சிக்குப் பொருள் உண்டு. நெசவாளர் வீட்டுச் சிறுமி கட்டத்தாளில் சேலைக் கரைக்குப் பூவேலை வரையலாம். கட்டங்களை எண்ணுவதில் கணிதமும் கலந்தே வரும். விவசாயி வீட்டுச் சிறுவன், இரவு முழுதும் ஊறவைத்த தட்டைப்பயற்றையும் ஊறாததையும் இரு சட்டிகளில் விதைத்து, எது முந்தி முளைக்கிறதென்று நாள்தோறும் குறித்து வரலாம். இவை பிள்ளையின் விருப்பத்தால் நடைபெற வேண்டும். தறிக்கும் வயலுக்கும் ஆள் குறைந்ததென்று அவர்களை வேலைக்கு அமர்த்திவிட்டு, அதனைப் பயிற்சி என்று கூறலாகாது.

விலை கொடுத்து வாங்க வேண்டியவற்றிற்கு ஐந்து குடும்பங்கள் கூடுக. குடும்பத்திற்கு மாதம் 50 ரூபாயெனில், ஆறு மாதத்தில் 1,500 ரூபாய் சேரும். சதுரங்கப் பலகை, வண்ணப் பென்சில்கள், பந்து, சில கதைநூல்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வாங்கலாம். இருப்புப் பதிவேட்டைப் பிள்ளைகளே எழுதட்டும். முறைவைத்து ஒருவர் செயலாளராகட்டும். எடுத்த பொருளைக் குறித்த நாளில் திருப்பித் தருவதும், வரவு செலவை யாவர்க்கும் படித்துக் காட்டுவதும் அவர்கள் கற்கும் முதற் கூட்டுறவுப் பாடமாகும்.

கட்டண வகுப்பு தேவைப்படின், முதலில் இரண்டு மாதம் செலவின்றிப் பழகச் செய்க. பிள்ளையின் ஆர்வம் குன்றாதிருந்தால் மட்டும், ஓராண்டுக் கட்டணம் வரவில் அடங்குமா என்று கணக்கிட்டுச் சேர்க்கவும். இதற்கெனக் கடன் வாங்குதல் வேண்டா. தொடங்கியது இடையில் நில்லாதிருப்பதே பிள்ளைக்கு நாம் தரும் பெரும் பொருளாகும்.