ஒரே பெட்டியில் வந்த இரண்டு பேரிங்

ஆட்டோவின் பின் சில்லு இரண்டுக்கும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிப் போட்ட பேரிங். ஒன்று மாரி முடியமுன் ஊளையிடுகிறது; மற்றது சத்தமில்லாமல் ஓடுகிறது. வவுணதீவுத் தேத்தண்ணிக் கடையில் ஆட்டோக்காரர் நாலு பேர் கூடினால் இந்த வழக்கு வராமல் போகாது. "கடைக்காரன் போலிச் சாமானைத் தந்திட்டான்" என்பதுதான் தீர்ப்பு. சிலவேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அசல் பேரிங்கும் இப்படித்தான் நடக்கும். ஏன் என்று தேத்தண்ணி ஆறமுன் பார்ப்போம்.

கார் புதிதாக வந்த காலத்தில் உழைப்பைக் காட்ட ஒரே வழிதான் தெரிந்திருந்தது: ஓட்டிக் காட்டுவது. 1907இல் றோல்ஸ் றோய்ஸின் 'சில்வர் கோஸ்ட்' காரை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே 15,000 மைல் ஓட்டினார்கள். 629ஆவது மைலில் குலுக்கத்தில் பெற்றோல் குழாய் தானே மூடிக்கொள்ள, கார் நின்றது. அதற்குப் பிறகு 14,371 மைல் எந்தக் கோளாறாலும் நிற்கவில்லை. ஓடி முடிந்ததும் கழற்றித் தேய்மானத்தை அளந்தார்கள். மாற்றவேண்டிய சாமானுக்குச் செலவு இரண்டு பவுணுக்குச் சற்று மேல். நல்ல விளம்பரம். ஆனால் அந்தக் காரில் இருந்த பேரிங் தப்பியது என்பதற்குமேல் அது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த காரில் இருப்பது எத்தனை மைல் தாங்கும்?

அதற்குப் பதில் பட்டறை மேசையில்தான் கிடைத்தது. 1900ஐ ஒட்டி ஜேர்மனியில் றிச்சர்ட் ஸ்ட்ரிபெக் பேரிங்குக்குள் உருளும் குண்டுகளை அழுத்தி அளந்து, பாரம் எல்லாக் குண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்று காட்டினார். பாரத்துக்கு நேரே நிற்கும் குண்டு சராசரிப் பங்கைப்போல் ஏறத்தாழ 5 மடங்கைச் சுமக்கிறது. அந்தக் குண்டு உருண்டு போகும் ஒவ்வொரு முறையும் வளையத்து உருக்கு மிக நுண்ணிதாக நெளிந்து மீளும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிகிற கதைதான். வெடிப்பு பெரும்பாலும் மேற்பரப்புக்குக் கீழே, உருக்குக்குள் சிக்கிய ஏதோவொரு நுண்ணிய மாசைச் சுற்றித் தொடங்கி மேலே வரும். பிறகு செதிலாகப் பெயரும். நாம் கேட்கும் ஊளை அப்போதுதான் பிறக்கிறது.

மாசு எந்த பேரிங்கில், எந்த ஆழத்தில் இருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற பேரிங்குகளை ஒரே பாரத்தில் சாகும்வரை சுழற்றினால், ஒன்று முந்திப் போகும், இன்னொன்று அதைப்போல் பல மடங்கு உழைக்கும். சுவீடனின் எஸ்.கே.எஃப் நிறுவனப் பொறியியலாளர் ஆர்விட் பால்ம்கிரென் 1924இல் இந்தக் குழப்பத்தையே கணக்காக்கினார்: 100இல் 90 தாண்டும் சுற்று எண்ணிக்கைதான் ஆயுள். தயாரிப்பாளரின் பட்டியலில் அச்சிட்ட ஆயுளுக்கு முன்னரே 10 போகலாம். அது மோசடி அல்ல, கணக்கிலேயே உள்ளது.

பாரத்தின் கதை இன்னும் கடுமை. குண்டு பேரிங்கில் பாரம் இரட்டித்தால் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிறது. ஆட்டோச் சில்லோ சிறியது, சுற்றளவு 1.3 மீட்டர் அளவில்தான். சில்வர் கோஸ்ட் ஓடிய 24,000 கிலோமீட்டரை ஓட அது ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் முறை சுழலவேண்டும். அதன்மேல் நெல்மூட்டையை அடுக்குகிறோம்.

இதெல்லாம் சுத்தமான ஒயிலில், காய்ந்த மேசையில் நடந்த சோதனை. இங்கே மாரியில் வயலும் றோட்டும் ஒன்றாகிவிடும். ஓடிச் சூடான சில்லு வெள்ளத்தில் இறங்கினால் ஹப்புக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உள்ளே உறிஞ்சும். உருக்கு களைத்துப்போகும் நாள்வரை நம்முடைய பேரிங் பெரும்பாலும் இருப்பதேயில்லை.

கழற்றின பேரிங்கை வீசமுன் கொஞ்சம் பாருங்கள். கிரீஸ் பால்போல் வெளுத்தோ வளையம் துருப்பிடித்தோ இருந்தால் தண்ணீர். குண்டுகளுக்கு இடையில் உள்ள அதே இடைவெளியில் வரிசையாகப் பள்ளம் இருந்தால், பூட்டும்போது பொருந்தவேண்டிய வளையத்தை விட்டு மற்ற வளையத்தில் சுத்தியல் விழுந்திருக்கலாம். துருவும் பள்ளமும் இல்லாமல் செதில் மட்டும் பெயர்ந்திருந்தால் அது பால்ம்கிரென் சொன்ன பத்தில் ஒன்றாக இருக்கலாம். கடைக்காரரோடு சண்டைக்குப் போகமுன் இதையும் பார்த்துவிட்டுப் போகலாம்.