சின்ன விண்மீனை ஏன் தேடிப் போகிறார்கள்?

பூமி அளவுள்ள கோள் சூரியனின் குறுக்கே சென்றால், ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. அதே கோள் டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைக் கடந்தால் நூற்றில் அரைப் பங்குக்கு மேல் மங்கும். அந்த விண்மீனின் அகலம் சூரியனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அதனால்தான் சிலி நாட்டு மலையொன்றில் இருந்த வெறும் 60 செ.மீ. தொலைநோக்கியே 2016-இல் அங்கே கோள்களைக் காட்டிக்கொடுத்தது. மறு ஆண்டில் எண்ணிக்கை ஏழானது. எத்தனை அருமையான வேட்டை!

விண்மீன் மங்கலானது என்பதால், நீர் உறையாமலும் கொதித்துப் போகாமலும் இருக்கக்கூடிய தூரம் அதற்கு மிக அருகில். அந்தத் தூரத்தில் சுற்றும் டிராப்பிஸ்ட்-1இ கோளுக்கு ஓர் ஆண்டு என்பதே ஆறு நாள். அடிக்கடி கடப்பதால் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கலாம். ஆனால் அந்த நெருக்கமே ஆபத்து: விண்மீன் சீறி உமிழும் கதிர்வீச்சு வளிமண்டலத்தை உரித்துவிடக்கூடும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2023-இல் அளந்தபோது, எல்லாவற்றுக்கும் உள்ளே சுற்றும் கோளில் கனத்த வளிமண்டலத்தின் தடயம் இல்லை.