களரியிலே நிற்கும் முகாமையாளர்

மேலைநாட்டு மெல்லிசைத் தொழிலிலே பாடுவோரின் பெயர் உலகெங்கும் ஒலிக்க, அவரை உருவாக்கியோர் திரைமறைவில் நின்றுவிடுவர். 1961 நவம்பரில் இலிவர்ப்பூல் நகரத்து இசைத்தட்டு வணிகரான பிறயன் எப்ஸ்ரீன், நிலவறை அரங்கொன்றில் நான்கு இளைஞர் பாடக் கேட்டார். 1962இல் அவர்களுக்கு முகாமையாளராகித் தோலுடையைக் களைவித்துக் கோட்டு அணிவித்தார். மேடையிலே உண்பதையும் புகைப்பதையும் நிறுத்தச் செய்தார். பின்னர் ஜோர்ஜ் மார்ட்டின் என்னும் இசைத்தட்டுத் தயாரிப்பாளரிடம் சேர்ப்பித்தார். பீற்றில்ஸ் குழுவினர் உலகப் புகழ் எய்திய வரலாறு இதுவே.

இத்தகையோர் மேல்நாட்டிற்கே உரியர் என எண்ணுதல் பிழை. எமது வாவிக்கரை ஊர்களிலே அண்ணாவியார் ஆற்றிவந்த பணி யாது? எவருடைய குரல் அரசனுக்கு இசையும், எவருடைய கால் கடுந்தாளத்தைத் தாங்கும் என ஆராய்ந்து சட்டங் கொடுப்பவர் அவரே. மாதக்கணக்காகப் பழக்கிச் சதங்கை அணிவித்து, அரங்கேற்ற இரவில் மத்தளத்தோடு வட்டக்களரியில் நின்று விடியுமட்டும் கூத்தை நடத்துபவரும் அவரே. நள்ளிரவில் வாவியைக் கடந்து வரும் அம்மத்தள ஒலிக்கு உறக்கங் கலையாதார் எவர்! நுழைவுச்சீட்டு இல்லை, செலவை ஊரே ஏற்கும், அண்ணாவியாருக்குக் கிடைப்பது சன்மானம். ஆட்டம் பிசகினாற் பழியும் அவரையே சாரும். எப்ஸ்ரீனுக்கு இருந்த திரைமறைவு இவருக்கு இல்லை.

அதே 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே ‘கர்ணன் போர்’ மேடையேறிற்று. சிங்கள மரபிலே சரச்சந்திரரின் ‘மனமே’ 1956இல் வெற்றி கண்டிருந்தது. கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை அழைத்து மாணவரைப் பழக்குவித்தார். மட்டக்களப்பு மாணவரான சி. மௌனகுரு அம்முயற்சியில் முன்னின்றார். விடியவிடிய ஆடிய கூத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கிற்று. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. நகரத்தார் நாட்டார் கூத்தென இகழ்ந்ததை, அவரே கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விரும்பிக் காணும் நிலை பிறந்தது. அந்தத் துணிவின்றேல் கூத்து இத்துணை மதிப்பைப் பெற்றிராது என்பதே எம் துணிபு.

ஆயினும் கோட்டு அணிவித்தவரிடம் கேட்கத்தக்க வினாவை இங்கும் கேட்டல் வேண்டும்: களையப்பட்டது யாருடையது? பிற்பாட்டுக்காரர் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடுதல் நகரத்தார்க்கு அலுப்பாயிருக்கலாம். களரியைச் சூழ்ந்திருந்த ஊராருக்கோ அதுவே கூத்தின் உயிர். படச்சட்ட மேடையில் நடுவிடம் நடிகருக்கே உரியதாகிவிட, அண்ணாவியார் ஓரத்துக்குப் போனார். எதை விடுவது, எதை வைப்பது என்னும் அதிகாரமும் அவர் கையினின்று நழுவிற்று. நாம் பெரிதும் வருந்துவது இதற்கே.

இந்நூற்றாண்டிலே சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் இவ்வினாவையே கையிலெடுத்தது. அங்கே கூத்தை நகரத்துக்குக் கொண்டுபோகவில்லை. ஊராரும் ஆய்வாளரும் அண்ணாவியாருடன் ஒருங்கிருந்து, மாற்றவேண்டியதைப் பேசி முடிவுசெய்து, அவ்வூர்க் களரியிலேயே ஆடினர். மத்தளம் மறுபடியும் நடுவிடத்துக்கு வந்தது.