ஒருவரையொருவர் ஏய்க்க முனைந்த இருவர்
(1803ஆம் ஆண்டுக் கண்டிச் சூழ்ச்சி பற்றிய ஓர் ஆராய்ச்சி)

கண்டி மாநகரின் வடபாலுள்ள மஹய்யாவயினின்று சிறிது தூரம் சென்றால் மகாவலி கங்கைக் கரையிலுள்ள வட்டப்புளுவ என்னும் இடத்தை அடையலாம். 1803ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26ஆம் திகதி அவ்விடத்தில் ஆங்கிலப் படையொன்று முற்றாக அழிந்தது. இந்நிகழ்ச்சியைக் கண்டியர் வீரத்திற்கோ கொடுமைக்கோ சான்றாகக் காட்டுவோர் பலர். ஆயின், அதன் மூலகாரணத்தை நாடுவோமாயின், ஒருவரையொருவர் ஏய்க்க முனைந்து, தாம் விரித்த வலையில் தாமே சிக்கிய இருவரைக் காண்போம். ஒருவன் கண்டியின் முதலாம் அதிகாரியாகிய பிலிமத்தலாவை. மற்றவன் ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த்.

1798ஆம் ஆண்டில் இராஜாதி இராஜசிங்கன் மைந்தனின்றி இறந்தான். அரசவையில் முதன்மை பெற்றிருந்த பிலிமத்தலாவை, நாயக்கர் குடும்பத்தைச் சேர்ந்த கண்ணுசாமி என்னும் பதினெட்டு வயது இளைஞனை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என்னும் பெயரால் அரியணை ஏற்றினான். அனுபவமற்ற இளைஞன் தன் கைப்பாவையாய் இருப்பான் என்பதே அவன் எண்ணம். இறந்த மன்னனுடைய தேவியின் சகோதரனாகிய முத்துசாமியும் அரசுரிமை கோரினான்; அது கைகூடாமையால் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான்.

அவ்வாண்டிலேயே நோர்த் தேசாதிபதியாக வந்து சேர்ந்தான். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவின் கைவிட்டுப் போன காலத்தில் அந்நாட்டின் பிரதம மந்திரியாயிருந்த நோர்த் பிரபுவின் மகன் இவன். 1799ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவிசாவளையில் அதிகாரியும் தேசாதிபதியும் சந்தித்தனர். தானே அரியணையில் அமர்த்திய மன்னனை அகற்றுதற்கு அதிகாரி உதவி கோரினான். மன்னனைக் கொல்லுதற்கு நோர்த் உடன்படவில்லை. ஆயினும் பேச்சை முறித்துக்கொள்ளவுமில்லை. மன்னன் பெயரளவில் இருக்க, அதிகாரி ஆட்சி நடத்த, ஆங்கிலப் படை கண்டியில் தங்குவதே அவன் விரும்பிய ஏற்பாடு.

இங்கு ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். வஞ்சகம் பலிப்பதற்கு ஒருவன் வஞ்சிப்பவனாகவும் மற்றவன் நம்புபவனாகவும் இருத்தல் வேண்டும். இருவரும் வஞ்சிப்பவராயின், ஒவ்வொருவனும் மற்றவனை ஏமாளியென மதித்து மேன்மேலும் ஆழத்தில் இறங்குவான். அதிகாரி ஆங்கிலப் படையைக் கொண்டு முடியைப் பெற்றபின் அப்படையை விலக்கிவிடலாம் என எண்ணினான். தேசாதிபதியோ அதிகாரியைக் கொண்டு படையைக் கண்டியில் நிறுத்தியபின் அவனைத் தன் கட்டுக்குள் வைக்கலாம் என எண்ணினான். இருவரும் கணக்கில் எடாத ஒருவன் இருந்தான். அவன் அந்த இளம் மன்னன்.

1800ஆம் ஆண்டு மார்ச்சில் சேனாதிபதி மக்டவல் தூதன் என்னும் பெயருடன் பெரும்படையோடு புறப்பட்டான். மலைவழியின் கடுமையாற் படையிற் பெரும்பகுதி இடையிலேயே நின்றுவிட்டது. மன்னனும் உடன்படிக்கைக்கு இசையவில்லை. கைப்பாவை தானே அசையத் தொடங்கிவிட்டதை அப்பொழுதே இருவரும் உணர்ந்திருத்தல் வேண்டும், உணர்ந்திலர்.

1802ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் ஆட்சிக்குட்பட்ட முஸ்லிம் வணிகரின் பாக்குக் கண்டி நாட்டிற் பறிக்கப்பட்டது. அதற்கு இழப்பீடு கிடைக்கவில்லை எனக் கூறி, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நோர்த் போர் தொடுத்தான். பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டியினுட் புகுந்தபோது நகர் வெறுமையாய்க் கிடந்தது. மார்ச்சில் முத்துசாமிக்கு முடி சூட்டினர். ஆயின் அவனை மன்னனென ஏற்கக் குடிகள் முன்வரவில்லை. மன்னன் அங்குராங்கெத்தையில் இருப்பதாக அதிகாரி அறிவித்தான். அதனை நம்பிச் சென்ற படைகள், வழிநெடுகத் தாக்குண்டு, வெறும் அரண்மனையைக் கண்டு மீண்டன.

இவ்வளவு நிகழ்ந்த பின்னரும், அவ்வாண்டு மே மாதத்தில் தம்பதெனியாவில் நோர்த் அதிகாரியுடன் மற்றோர் உடன்பாடு செய்தான். அதன்படி ஆட்சி பிலிமத்தலாவைக்கு உரியதாகும். முத்துசாமி யாழ்ப்பாணத்திற் சென்று வாழ்வான். இரு மாதங்களுக்கு முன் ஒருவனுக்கு விற்ற பொருளையே மற்றொருவனுக்கும் விற்பது போன்றது இச்செயல். வாங்குபவனும் விலை கொடுக்கும் கருத்துடையவனல்லன்.

இதனிடையே கண்டியிலிருந்த படையைக் காய்ச்சல் வாட்டியது. ஜூன் 24ஆம் திகதி கண்டியர் தாக்க, தலைவனாகிய மேஜர் டேவி சரணடைந்தான். திருகோணமலைக்குச் செல்ல இசைவு பெற்று, நோயாளரைக் கண்டியிலேயே விட்டு, முத்துசாமியுடன் புறப்பட்டான். வட்டப்புளுவவில் மகாவலி வெள்ளம் பெருகி வழி மறித்தது. அங்கே முத்துசாமியை ஒப்படைக்குமாறு மன்னன் ஆட்கள் கேட்டனர். டேவி முதலில் மறுத்துப் பின் இணங்கினான். முத்துசாமி கொல்லப்பட்டான். அடுத்துப் படைவீரர் ஆயுதம் களைந்து கொல்லப்பட்டனர். கண்டியில் விடப்பட்ட நோயாளரும் பிழைத்திலர். டேவி சிறைப்பட்டவனாகவே சில ஆண்டுகள் வாழ்ந்து இறந்தான்.

பிலிமத்தலாவை நாயக்கர் ஆட்சியை அகற்றிச் சிங்கள மன்னர் மரபை நிறுவ விரும்பியவன் எனக் கருதும் வரலாற்றாசிரியரும் உளர். நோக்கம் அதுவே எனினும், வழி வஞ்சகமே. முடிவில், மன்னனுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்த குற்றத்திற்காக 1811ஆம் ஆண்டளவில் அவன் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவன் தேடிய முடியும், அந்நியர் கைப்படாதிருந்த நாடும், 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்குரியவாயின. நோர்த்தோ 1805ஆம் ஆண்டில் நாடு திரும்பினான். பிற்காலத்தில் கில்போர்ட் பிரபுவாகி, கோர்பு தீவில் அமைந்த அயோனியக் கல்விக் கழகத்தின் தலைவனாகவும் விளங்கினான்.

ஆகவே வஞ்சகர் இருவரும் ஒரே விலை கொடுத்தனர் என்று கூறுதல் இயலாது. ஒருவன் உயிரை இழந்தான். மற்றவன் புகழோடு முதுமை எய்தினான். இருவருக்கும் முன்னே விலை கொடுத்தவர், அப்பேரத்தில் ஒரு சொல்லேனும் பேசியிராத முத்துசாமியும் நோயுற்ற படைவீரருமே. உடன்படிக்கையொன்றைக் கற்கும் மாணவர் அதிற் கையொப்பமிட்டவர் பெயரை மட்டும் நோக்குதல் போதாது. அதன் சுமை எவர் தோளில் ஏற்றப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்புதற்கு வட்டப்புளுவ ஆற்றங்கரையினும் தக்க இடம் கண்டியில் வேறில்லை.